ஃபெர்ரிட்டின் ஏன் குறைகிறது?

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. மகனுக்கு வேலை கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம், அவனிடம் சொல். இரும்புச்சத்து மாத்திரையை நடுவில் விட்டுவிடாதே, வயிற்றைப் பிரட்டினால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள். எனக்கு இந்தப் பருவம் முழுக்கப் புரத உற்பத்தி பற்றித்தான் வகுப்பு, அதனால் நீ கேட்ட கேள்வி சரியான நேரத்தில் வந்தது.

உடம்பில் இரும்பு குறைந்தால், அதைச் சேமித்து வைக்கும் புரதமான ஃபெர்ரிட்டினும் ஏன் குறைய வேண்டும் என்று கேட்டாய். நாம் படித்தபோது மரபணு, அதன் செய்தியைச் சுமக்கும் நகலான தூது ஆர்.என்.ஏ., புரதம் என்று நேர்கோடாகச் சொல்லி முடித்துவிட்டார்கள், தூது வந்தால் புரதம் வந்தே தீரும் என்று மனதில் பதிந்துவிட்டது. அப்படி இல்லை. ஃபெர்ரிட்டினுக்கான தூது செல்லில் தயாராகவே கிடக்கும். இரும்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் செல் அதை வாசிக்க விடுகிறது.

எப்படி என்றால், அந்தத் தூதின் தொடக்கத்தில், புரதத்துக்கான குறியீடு ஆரம்பிப்பதற்கு முன்பே, சுமார் 30 எழுத்து நீளத்துக்கு ஆர்.என்.ஏ. தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி மாதிரி நிற்கிறது. இரும்பு குறைந்த செல்லில் ஐ.ஆர்.பி. என்ற புரதம் வந்து அந்த மடிப்பைப் பிடித்துக்கொள்ளும். தூதை வாசித்துப் புரதம் கட்டும் ரைபோசோமின் சிறிய பாதி வந்து இறங்க வேண்டிய இடம் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதற்கு இடமில்லாமல் போகிறது, ஃபெர்ரிட்டின் உற்பத்தி அடங்கிவிடுகிறது. சேமிக்க இரும்பே இல்லாதபோது சேமிக்கும் புரதம் எதற்கு?

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம். இரத்தத்திலிருந்து இரும்பை செல்லுக்குள் இழுக்கும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியின் தூதிலும் இதே மாதிரி மடிப்புகள் இருக்கின்றன, ஆனால் வால் பக்கத்தில். அங்கே அதே ஐ.ஆர்.பி. போய்ப் பிடித்தால் தூது சிதையாமல் தப்பிக்கிறது, ஏற்பி கூடுதலாக உருவாகிறது. தலையில் பிடித்தால் தடை, வாலில் பிடித்தால் பாதுகாப்பு. இரும்பு நிறைய வந்ததும் ஐ.ஆர்.பி.யின் ஒரு வகை, இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கொத்தைத் தனக்குள் ஏற்றுக்கொண்டு, ஆர்.என்.ஏ.வை விட்டுவிட்டு, அகோனிடேஸ் என்ற நொதியாக வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறது! எத்தனை முறை பாடம் எடுத்தாலும் இந்த இடத்தில் எனக்குக் குரல் உயர்ந்துவிடும்.

அந்த மடிப்பில் ஒரே ஓர் எழுத்து மாறிப் பிறக்கும் குடும்பங்களும் உண்டு, 1995இல் இது கண்டறியப்பட்டது. அவர்களிடம் ஐ.ஆர்.பி.யால் ஃபெர்ரிட்டின் தூதைச் சரியாகப் பிடிக்க முடியாது, இரும்பு சாதாரண அளவில் இருந்தும் இரத்தத்தில் ஃபெர்ரிட்டின் ஏகத்துக்கு ஏறிவிடும், சின்ன வயதிலேயே கண்புரை வரும். ஃபெர்ரிட்டின் எண்ணை மட்டும் பார்த்து இரும்பு அதிகம் என்று முடிவு கட்டி, இரத்தத்தை எடுத்து எடுத்துக் கடைசியில் இரத்தசோகையில் கொண்டுபோய் விட்ட நோயாளிகளும் இருக்கிறார்கள்.

அப்புறம், சிவப்பணு. அது முதிரும்போது உட்கருவையே வெளியே தள்ளிவிடுவதால் அதற்குமேல் புதிய தூது எழுத வழியில்லை, இருக்கும் தூதை வாசிப்பதா வேண்டாமா என்பது மட்டுமே மிச்சம். ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் ஹீம் போதாவிட்டால் எச்.ஆர்.ஐ. என்ற நொதி, வாசிப்பைத் தொடங்கிவைக்கும் இ.ஐ.எஃப்.2 என்ற காரணிமேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும், ஹீமோகுளோபினின் புரதப் பகுதியான குளோபினின் உற்பத்தி தணிந்துவிடும். வைரஸ் நுழைந்தாலும், அமினோ அமிலம் தட்டுப்பாடானாலும், புரதங்கள் சரியாக மடியாமல் குவிந்தாலும் வேறு மூன்று நொதிகள் அதே இடத்தில்தான் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. ஆனால் எல்லாம் தணியும் அந்த நேரத்தில்தான் ஏ.டி.எஃப்.4 என்ற புரதம் அதிகமாகிறது. அதன் தூதில் உண்மையான தொடக்கத்துக்கு முன்னால் இரண்டு குட்டி வாசகங்கள் இருக்கின்றன. சாதாரணமாக ரைபோசோம் இரண்டாவதில் மாட்டிக்கொண்டு விலகிவிடும். பாஸ்பேட் ஒட்டியதால் வேலைக்குத் தயாரான இ.ஐ.எஃப்.2 தட்டுப்பாடாக இருந்தால், முதல் வாசகத்தை முடித்த ரைபோசோம் மறுபடி தயாராகத் தாமதமாகிறது, அதற்குள் இரண்டாவதைத் தாண்டிப் போய்ச் சரியான இடத்தில் ஆரம்பிக்கிறது. நெருக்கடியைச் சமாளிக்கும் மரபணுக்களை இயக்குவதும் இந்த ஏ.டி.எஃப்.4தான்.

இப்போது நான் படித்துக்கொண்டிருப்பது இ.ஐ.எஃப்.2பி பற்றி. ஒரு சுற்று முடிந்த இ.ஐ.எஃப்.2ஐ மறுபடி வேலைக்குத் தயார் செய்வது அதுதான். அதில் பிழையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு மூளையின் வெண்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது. ஓடியாடிக்கொண்டிருந்த குழந்தை ஒரு காய்ச்சலுக்குப் பிறகோ, தலையில் லேசாக அடிபட்ட பிறகோ சட்டென்று மோசமாகிவிடும். இ.ஐ.எஃப்.2பியைத் தூண்டும் ஐசிரிப் என்ற சிறு மூலக்கூறு 2013இல் வெளியானது, இந்த நோயுள்ள எலிகளில் அந்த வகை மூலக்கூறுகள் பலன் தந்தன, மனிதர்களிடமும் அந்த வகை மருந்துகளைச் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் குழந்தைகளுக்கு இது பலிக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். நல்ல செய்தி வந்தால் உனக்குத்தான் முதலில் எழுதுவேன்.

அன்புடன்,
கலா