ரோஸ்கில்ட ஃபியோர்டில் எங்களோடு பாய் விரித்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

டென்மார்க்கில் நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடற்கழியான ரோஸ்கில்ட ஃபியோர்டில், வைக்கிங் எனப்பட்ட பழைய வட ஐரோப்பியக் கடலோடிகளின் கப்பல்களைப் பார்த்துப் புதிதாகக் கட்டிய இரண்டு கப்பல்களுக்குப் பக்கத்தில் எங்கள் சின்னப் பாய்ப்படகும் ஒரு நாள் முழுக்க ஓடியது. பலர் கைகொடுத்ததால் நடந்த காரியம் இது. ஒவ்வொருவராகத் தேடிவந்து சொல்ல முடியாததால் இந்த மடல்.

படகைத் தந்த அண்ணாவுக்கு முதல் நன்றி. சுக்கானை எங்கள் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் பேசாமல் இருந்தீர்கள். அந்த நம்பிக்கையை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

அடுத்தது அந்த இரண்டில் ஒன்றான 'ஒட்டார்' கப்பலின் மாலுமிகளுக்கு. 1962-இல் ஸ்கூல்டெலெவ் அருகே இதே ஃபியோர்டின் அடியிலிருந்து ஐந்து கப்பல்களை மீட்டார்கள். பதினோராம் நூற்றாண்டில், கடல்வழியாக வரும் பகையைத் தடுக்கக் கல் நிரப்பி அமிழ்த்தியவை. அவற்றுள் பெரிய சரக்குக் கப்பலின் மறுவடிவம்தான் ஒட்டார். அதன் சதுரப் பாய் எங்கள் முக்கோணப் பாயைப்போல எதிர்க்காற்றை நெருங்கி ஓடாது. அதனால் போகும்போது நாங்கள் பாயைத் தளர்த்திக் காத்திருந்தோம். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து வந்தது. ஒட்டார் எங்களைத் தாண்டி எங்கோ போய்விட்டது!

அதற்குமுன் கப்பலை எங்களுக்கு எவ்வளவு கிட்டக் கொண்டுவந்தீர்கள்! ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பலகைகள், அவற்றை இறுக்கிய இரும்பாணி வரிசை, தாரின் மணம். ஒருகாலத்தில் கடற்தொழில் செய்த எங்கள் ஐயா கேள்விமேல் கேள்வி கேட்டார். பலகை இடுக்கில் தார் தோய்த்த கம்பளி வைப்பதையும், பாயின் முன்மூலையை நீண்ட கம்பால் தள்ளிப் பிடிப்பதையும் பொறுமையாகச் சொன்னீர்கள். பிள்ளைகள் டேனிஷிலிருந்து தமிழாக்குவதற்குள் ஐயாவுக்குப் பாதி விளங்கிவிட்டது.

மற்றக் கப்பலான 'ஹெல்கெ ஆஸ்க்'கில் காற்று விழுந்த நேரத்தில் துடுப்பு வலித்தவர்களுக்கும் நன்றி. இருபத்தாறு துடுப்பு ஒரே தாளத்தில் விழும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இவற்றைக் கட்டிய தச்சர்களை அன்று நாங்கள் சந்திக்கவில்லை. ஓக் மரத்தை அறுக்காமல், ஆப்பு வைத்துப் பிளந்து கோடாலியால் செதுக்குகிறார்கள். மரத்தின் நார் முறியாததால் பலகை மெல்லியதாகவும் வலுவாகவும் இருக்கிறது. பழைய கப்பல்களைக் கண்ணாடிக்குள் மட்டும் வைத்திருந்தால் இந்தத் தொழில் அழிந்துபோயிருக்கும். கட்டி, ஓட்டிப் பார்க்கிறவர்கள் இருப்பதால்தான் அது பிழைத்திருக்கிறது. மீட்ட ஐந்தில் ஒன்றான, 1042-இல் அயர்லாந்தின் டப்ளினில் கட்டிய போர்க்கப்பலின் மறுவடிவமான 'ஹவ்ஹிங்ஸ்டன்' 2007-இல் டப்ளினுக்கே ஓடிப்போனதும் இப்படிப்பட்டவர்களால்தான். அவர்களுக்கு எங்கள் வணக்கம்.

கடைசியாக, துறையில் எங்கள் கயிற்றைப் பிடித்துக் கட்டியவர்களுக்கும், ஈரப் பாயை மடிக்கச் சொல்லித் தந்தவர்களுக்கும் நன்றி. அன்று எடுத்த படங்களை இரண்டு கப்பல் மாலுமிகளுக்கும் அச்சடித்துக் கொண்டுவந்து தருகிறோம்.