சிலைகள் நடந்தன என்று அவர்கள்தாம் சொன்னார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஈஸ்டர் தீவைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆவலோடு, இரண்டாம் முறை வருத்தத்தோடு. முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். எங்கோ பசிபிக் பெருங்கடலில் நிற்கும் சிலைகளுக்காக நான்கு பக்கங்கள் ஒதுக்கினீர்களே, அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்த நான்கு பக்கங்களில் அத்தீவின் மக்களுக்குக் கிடைத்தவை இரண்டே செய்திகள். ஒன்று, அவர்கள் மரங்களை வெட்டித் தீர்த்து, தங்களுக்குள் வெட்டிக்கொண்டு அழிந்தார்கள். மற்றொன்று, அந்தச் சிலைகளைச் செய்தவர்கள் அவர்களே அல்லர். கடல்கொண்ட குமரிக் கண்டத்திலிருந்து தப்பிய நம் முன்னோர்தாம் செய்திருக்க வேண்டும். பெருமையை நாம் எடுத்துக்கொண்டு பழியை மட்டும் அவர்களிடம் விட்டுவிட்டோம்.

நம்மைப் பற்றியது என்பதால் இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த மக்கள் தங்கள் தீவை ராப்பா நூயி என்கிறார்கள். 'ஈஸ்டர்' என்பது 1722 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று அங்கே வந்த டச்சுத் தளபதி ரொக்கவேன் வைத்த பெயர். பொய்க்கே, ரானோ காவ், தெரெவாக்கா என்ற மூன்று எரிமலைகள் கடலடியிலிருந்து எழுந்து சேர்ந்ததால் உண்டான, ஏறத்தாழ 164 சதுர கிலோமீட்டர் நிலம் அது. மூழ்கிய கண்டம் எதனுடைய மிச்சமும் அல்ல. குமரிக் கண்டத்தோடு நாம் சேர்த்துப் பேசும் லெமூரியா என்ற சொல்லை 1864-இல் உருவாக்கிய விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்கிளேட்டர்கூட அதை இந்தியப் பெருங்கடலில்தான் வைத்தார். கண்டங்களே நகர்கின்றன என்பது உறுதியான பிறகு அறிவியலுக்கு அந்தக் கற்பனை தேவைப்படவில்லை.

நியூசிலாந்தில் கிடைத்த தமிழ் மணியைக் கட்டுரையாளர் சான்றாகக் காட்டுகிறார். மாவோரி மக்கள் சமையல் பாத்திரமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்த அந்த வெண்கல மணி, 1836-இல் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியாரின் கண்ணில் பட்டது. இன்று வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் விளிம்பில் முகையதீன் என்பவருடைய கப்பலின் மணி என்று தமிழில் பொறித்திருக்கிறது. ஒரு தமிழ் முஸ்லிம் கப்பல்காரரின் பெயரைச் சுமந்த மணி கடல்கொண்ட பழங்காலத்துக்கு எப்படிச் சாட்சியாகும்? அது கிடைத்த இடத்திலிருந்து ராப்பா நூயி இன்னும் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. 'கட்டமரான்' என்ற சொல்லும் அப்படித்தான். ஆங்கிலேயர் நம் கட்டுமரத்தின் பெயரை எடுத்துக்கொண்டு, பின்னாளில் பசிபிக் தீவினரின் இரட்டை உடல் படகுக்கும் சூட்டினார்கள். சொல் நம்முடையது, படகு அவர்களுடையது.

அவர்கள் யார் என்பதற்கு அவர்களுடைய பேச்சே விடை சொல்லும். பினாங்கில் நாற்பது ஆண்டுகளாக வாழும் என் அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன். மலாயில் கண்ணுக்கு 'மாத்தா', ஐந்துக்கு 'லீமா' என்றார். ராப்பா நூயியில் கண்ணுக்கு 'மாத்தா', ஐந்துக்கு 'ரீமா'. தைவானிலிருந்து தெற்கே இறங்கி, மேற்கில் மடகாஸ்கர் வரைக்கும் கிழக்கில் ராப்பா நூயி வரைக்கும் பரவிய ஒரே மொழிக் குடும்பம் அது. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் தோங்கா, சமோவா தீவுகளை அடைந்தவர்களின் வழிவந்தோர், நெடுங்காலம் கழித்து மறுபடியும் கிழக்கே பாய் விரித்தார்கள். ஹவாய், நியூசிலாந்து, ராப்பா நூயி என்று உலகின் கடைக்கோடித் தீவுகளில் குடியேறினார்கள்.

அவர்களிடம் திசைகாட்டும் கருவி எதுவும் இல்லை. விண்மீன்கள் எழுந்து மறையும் இடங்கள், அலைகளின் போக்கு, மாலையில் கரை திரும்பும் பறவைகள் இவைதாம் வழிகாட்டின. மனிதர் வாழும் பக்கத்துத் தீவே இரண்டாயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இந்தப் புள்ளிக்கு, கோழியும் வாழைக்கன்றும் சேம்பும் கரும்பும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஹோத்து மாத்துஆ என்ற தலைவன் அனாக்கேனா மணற்கரையில் இறங்கினான் என்பது அவர்களின் மரபுக் கதை. அதே அனாக்கேனாவில் எடுத்த கரித்துண்டுகளின் காலம் கி.பி. 1200-ஐ ஒட்டியது. இப்படி வரமுடியுமா என்று ஐயுற்றவர்களுக்கு விடையாக, 1999-இல் ஹோக்கூலேஆ என்ற இரட்டைப் படகு நவீனக் கருவிகளின் துணையில்லாமலே அந்தத் தீவைக் கண்டுபிடித்துக் கரை சேர்ந்தது.

கீழடியில் ஒரு பானை ஓடு கிடைத்தால் எந்த அடுக்கு, எந்த ஆழம், கரிமக் கணிப்பு என்ன என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். நம் வரலாற்றைப் பிறர் குறைத்துப் பேசும்போது நமக்குக் கோபம் வருகிறது. பிறர் வரலாற்றை நாம் எடுத்துக்கொள்ளும்போது மட்டும் அந்த அளவுகோல் எங்கே போகிறது?

சிலைகளுக்கு வருகிறேன். மொஆய் என்று அவர்கள் அழைக்கும் ஏறக்குறைய ஆயிரம் கற்சிலைகளில் பெரும்பாலானவை ரானோ ராராக்கு எரிமலையின் சாம்பல் பாறையில் செதுக்கப்பட்டவை. நானூறுக்குச் சற்றுக் குறைவானவை இன்னும் அந்தக் குவாரியிலேயே இருக்கின்றன. முடிக்கப்படாத ஒன்றின் நீளம் 21 மீட்டர். (உங்கள் படத்துக்குக் கீழே 'கல் தலைகள்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அவை தலைகள் மட்டும் அல்ல. சரிந்து வந்த மண் மார்பு வரை மூடியிருக்கிறது, உடல் உள்ளே இருக்கிறது.) "இத்தனை எடையை மனிதர் நகர்த்தியிருக்க முடியாது" என்ற வரியைப் படித்ததும் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டேன். நான் பிறந்து வளர்ந்தது திருவாரூர். அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஆழித்தேர் அசையும் நொடியைப் பார்த்தவள். ஆயிரம் கைகள் வடத்தைப் பிடித்திருந்தாலும் தேர் உடனே வராது. "ஆரூரா! தியாகேசா!" என்ற குரலுக்கு எல்லா உடல்களும் ஒன்றாகச் சாயும்போதுதான் வரும். வளைவில் முட்டுக்கட்டை போடுகிறவர் அதை ஓர் அங்குலம், இரண்டு அங்குலமாகத் திருப்புவார். பாரத்தை நகர்த்துவது பலம் மட்டுமல்ல, தாளம் என்பதை அந்த வயதிலேயே கண்டுகொண்டேன்.

ராப்பா நூயி மக்களும் அதைத்தான் சொன்னார்கள். சிலைகள் எப்படிக் கரைக்குப் போயின என்று வெள்ளையர் கேட்டபோதெல்லாம் 'நடந்து போயின' என்றார்கள். கேட்டவர்கள் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்கள். 1986-இல் பாவெல் பாவெல் என்ற செக் நாட்டுப் பொறியாளர் தலையிலும் அடியிலும் கயிறு கட்டி, நிமிர்ந்து நின்ற சிலையையே அசைத்து நடத்திக் காட்டினார். பின்னர் டெரி ஹண்ட், கார்ல் லிப்போ என்ற ஆய்வாளர்கள் நான்கு டன்னுக்கு மேற்பட்ட மாதிரிச் சிலை ஒன்றைச் செய்து, பதினெட்டே பேரைக் கொண்டு நடத்தினார்கள். இருபுறமும் இரண்டு கயிறுகள் மாறி மாறி இழுக்க, பின்னாலிருந்து ஒரு கயிறு விழாமல் பிடித்துக்கொண்டது. வழியில் விழுந்து கிடக்கும் சிலைகளின் அடிப்பாகம் முன்னோக்கிச் சாய்வாகச் செதுக்கப்பட்டிருப்பதும், பழைய பாதைகள் நடுவில் குழிந்திருப்பதும் இந்த நடைக்குப் பொருந்துகின்றன. சிலை நிற்க வேண்டிய கல்மேடையை அடைந்த பிறகே கண்குழி வெட்டினார்கள்; அதில் பதித்த வெண்பவளக் கண் ஒன்று 1978-இல் அனாக்கேனாவில் கிடைத்தது. நம் சிற்பியர் கண் திறப்பதை நினைத்துக்கொண்டேன். இதை உறவுக்குச் சான்றாகச் சொல்லவில்லை. கல்லை முன்னோராகக் கண்டவர்களின் மனம் எனக்குப் புரிகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இனி அந்தப் பழி. காடு அழிந்தது உண்மை. மக்கள் எரித்தும் வெட்டியும் நிலம் திருத்தினார்கள். அவர்களோடு வந்த எலிகள் பனை விதைகளைக் கொறித்தன. ஆனால் காடு போனதால் மக்கள் அழிந்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. காற்றும் வெயிலும் ஈரத்தை உறிஞ்சாமலிருக்க வயலில் கல் பரப்பிச் சர்க்கரைவள்ளி பயிரிட்டார்கள். செடிகளுக்குக் கல்லால் சுற்றுச்சுவர் கட்டினார்கள். அந்தக் கல்வயல்களை அளந்த 2024-ஆம் ஆண்டு ஆய்வின்படி, அவை சுமார் மூவாயிரம் பேருக்குத்தான் உணவளித்திருக்க முடியும். பல பத்தாயிரம் பேர் வாழ்ந்து மடிந்தார்கள் என்ற கதைக்கு இடமே இல்லை. அதே ஆண்டு, பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருந்த பதினைந்து ராப்பா நூயி மனிதர்களின் மரபணுவைப் படித்தவர்கள், ஐரோப்பியர் வருவதற்கு முந்தைய நூற்றாண்டில் பெருவீழ்ச்சி எதுவும் தெரியவில்லை என்றார்கள். தென் அமெரிக்க மக்களின் கலப்பும் அந்த மரபணுவில் இருக்கிறது. இவர்கள் அந்தக் கரை வரை போய்வந்த கடலோடிகளாக இருக்கலாம். போர்க்கருவி என்று கட்டுரையாளர் சொல்லும் எரிமலைக் கண்ணாடிச் சில்லுகளோ, பெரும்பாலும் வெட்டவும் சீவவும் பயன்பட்ட அன்றாடக் கருவிகள்.

உண்மையான அழிவுக்குத் தேதி இருக்கிறது. கட்டுரையில்தான் அது இல்லை. ரொக்கவேனின் ஆட்கள் கரையிறங்கிய நாளிலேயே பத்துப் பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 1862 டிசம்பரில் தொடங்கி, பெருவிலிருந்து வந்த அடிமைக் கப்பல்கள் ஏறக்குறைய 1,500 பேரைப் பிடித்துச் சென்றன. அரசரையும், தீவின் சொந்த எழுத்தான ரோங்கோரோங்கோவைப் படிக்கத் தெரிந்தவர்களையும் கொண்டுபோனார்கள். எதிர்ப்பு எழுந்து திருப்பி அனுப்பியபோது ஊர் வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ பதினைந்து பேர்; அவர்களோடு பெரியம்மையும் வந்து இறங்கியது. அடுத்த ஆண்டுகளில் நோயும் கொடுமையும் தாளாமல் பலர் வேறு தீவுகளுக்குப் போனார்கள். 1877-இல் தீவில் எஞ்சியிருந்தவர்கள் 111 பேர். ரோங்கோரோங்கோ பலகைகள் இரண்டு டஜன் அளவுக்கு உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றைப் படிக்க ஒருவரும் இல்லை. 1888-இல் சிலி தீவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிறகு தீவே ஆட்டுப் பண்ணையாகி, சொந்த மக்கள் ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். குடியுரிமை கிடைக்க 1966 வரை காத்திருந்தார்கள். இவ்வளவும் நடந்த மக்களைப் பார்த்து 'தங்களைத் தாங்களே அழித்துக்கொண்டவர்கள்' என்று எழுத நமக்கு எப்படி மனம் வந்தது?

அந்த 111 பேரின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். தங்கள் மொழியைப் பேசுகிறார்கள். 1868-இல் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் எடுத்துச் சென்ற ஹோவா ஹக்கனனாயிஆ என்ற சிலை லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 2018-இல் அவர்கள் அங்கே சென்று அதைத் திருப்பித் தரும்படி கேட்டார்கள். இன்னும் தரவில்லை. அடுத்த இதழில் ஒரு திருத்தமும், அந்தக் கோரிக்கையைப் பற்றி ஒரு கட்டுரையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தலைப்பில் ராப்பா நூயி என்ற பெயரே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திருவாரூர்.