சுழி மட்டும் பார்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தைக்கு வருஷம் தவறாமல் போகிறவன் நான். வாங்க வருகிறவர்கள் உடம்பில் மயிர் சுழன்றிருக்கும் அடையாளமான சுழியையும் நிறத்தையும்தான் பார்க்கிறார்கள். காலைத் தொட்டுப் பார்ப்பவர் அபூர்வம். நானும் அப்படி ஏமாந்தேன். சுழி சுத்தமாக இருந்த வெள்ளைக் குதிரை, வீடு வந்த மறுநாளே முன்னங்காலை ஊன்ற மறுத்தது. குளம்பில் கை வைத்தேன், அனலாய்ச் சுட்டது.

குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான். மணலில் ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கெட்டித் தரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து ஓடவிடுங்கள். நோவுள்ள முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் படும்போது தாழும். நாலு குளம்பையும் தூக்கிப் பாருங்கள்.

வாங்குமுன் காலைப் பரிசோதித்துச் சொல்ல, சந்தைத் திடலிலேயே ஒரு கால்நடை மருத்துவரை அமர்த்த வேண்டுகிறேன். வாயில்லா ஜீவன், வலியை அது எப்படிச் சொல்லும்?

இப்படிக்கு,
பழைய ஜட்கா வண்டிக்காரன்,
பவானி