லாரி சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்: வண்டிப் பெட்டியில் கிடந்த மாத்திரை அட்டை

மதிப்பிற்குரிய லாரி உரிமையாளர் சங்க, ஓட்டுநர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நாமக்கல் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பா 28 வருடம் லாரி ஓட்டினார். இப்போது ஓட்டுவதில்லை. வலது கையில் டம்ளரைப் பிடிக்கவே சிரமப்படுகிறார். ரத்தக் கொதிப்பு செய்த வேலை இது. பிரஷர், பிபி என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற அதே விஷயம்தான்.

அப்பாவுக்கு வண்டி என்றால் உயிர். விடியற்காலையில் எழுந்ததும், டீ குடிப்பதற்கு முன்னால், ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பார். சத்தத்தை வைத்தே எதில் காற்று இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். எஃப்சி, இன்சூரன்ஸ், பர்மிட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் தேதி வாரியாக இருக்கும். அவர் விழுந்த பிறகு, வண்டியில் இருந்த சாமான்களைக் கிளீனர் தம்பி வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். அந்த உறைக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டை கிடந்தது. பத்தில் மூன்றைத்தான் எடுத்திருந்தார். பின்பக்கம் திருப்பினால், காலாவதித் தேதி முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றுமே பேசவில்லை.

அவருக்கு பிரஷர் இருப்பது எங்களுக்கு முன்பே தெரியும். ஒரு மருத்துவ முகாமில் பார்த்தபோது 170/100 இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டார், 130/80க்கு வந்தது. "சரியாப் போச்சு" என்று நிறுத்திவிட்டார். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். மாத்திரை போட்டதால்தான் அளவு இறங்கியது. பெரும்பாலானவர்களுக்கு ரத்தக் கொதிப்பு காய்ச்சல் மாதிரி வந்துவிட்டுப் போகிற நோய் இல்லை. மாத்திரையை நிறுத்தினால், சில நாளிலோ சில வாரத்திலோ பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஏறியது உடம்புக்குத் தெரியவும் தெரியாது.

தலை சுற்றினால், படபடவென்று வந்தால்தான் பிரஷர் என்று நம் ஓட்டுநர்களில் பலர் நம்புகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. 140/90ஐத் தொட்டுவிட்டால் ரத்தக் கொதிப்பு என்று கணக்கு. மேலே இருக்கும் எண், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழுகிற அழுத்தம். கீழே இருப்பது, இதயம் தளர்ந்திருக்கும்போது உள்ள அழுத்தம். இது வருடக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் குழாயின் உட்சுவர் கெட்டு, தடித்து, அடைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் வெடிக்கும். மூளையில் நடந்தால் பக்கவாதம், இதயத்தில் நடந்தால் மாரடைப்பு. சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும், கண்ணின் விழித்திரையும் பாதிக்கப்படும். இந்தியாவில் பெரியவர்களில் நாலில் ஒருவருக்காவது இது இருக்கிறது என்றும், அவர்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்குத்தான் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். ஒரு பேருந்து நிறைய ரத்தக் கொதிப்புக்காரர்களை ஏற்றினால், ஆறேழு பேர் மட்டும் பத்திரமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்பாவுக்குப் பக்கவாதம் ஆந்திராவில் அனந்தபூருக்கு அந்தப் பக்கம், 44ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு தாபா வாசலில் வந்தது. விடியற்காலை. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கும்போது கால் தடுமாறியிருக்கிறது. பேச்சு குழறியது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கிளீனர் தம்பிக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. தூக்கமில்லாத களைப்பு என்று நினைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்தான். ஆறு மணி நேரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரி. பக்கவாதம் வந்தால் முதலில் ஸ்கேன் எடுத்து, அடைப்பா கசிவா என்று பார்ப்பார்கள். அடைப்பு என்றால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அப்பாவுக்கு இருந்தது அடைப்பு. நேரம் தாண்டிவிட்டது. அந்தப் பையன் மேல் எங்களுக்குக் கோபமே இல்லை. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்பா ஏன் மாத்திரையை நிறுத்தினார் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். அப்புறம் அவரே திக்கித் திக்கிச் சொன்னார். ஒரு காரணம், மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் வந்தது. குளோர்தாலிடோன் மாதிரி சில மாத்திரைகள் உப்பையும் நீரையும் வெளியேற்றித்தான் அழுத்தத்தைக் குறைக்கின்றன. லோடோடு போகிறவர் எங்கே நிறுத்துவார்? தான் லாரி ஓட்டுகிறவர் என்பதை அவர் டாக்டரிடம் சொல்லவில்லை, டாக்டரும் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் வேறு வகை கொடுத்திருப்பார்கள், போடும் நேரத்தையாவது மாற்றியிருப்பார்கள். அம்லோடிபின் இருக்கிறது, டெல்மிசார்டன் இருக்கிறது. அம்லோடிபின் போட்டால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்கும். இப்படி ஏதாவது தொந்தரவு வந்தால் டாக்டரிடம் கேட்டு மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம். நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து.

இன்னொரு காரணத்தைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "பிரஷர் இருக்குன்னு தெரிஞ்சா வண்டி தர மாட்டாங்க கண்ணு" என்றார். உரிமையாளர் அண்ணன்மார்களே, உங்களிடம்தான் இதைச் சொல்கிறேன். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு அளவைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஓட்டுநரை நம்பி வண்டியைக் கொடுக்கலாம். பயந்து, மறைத்து, மாத்திரை அட்டையை உறைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு ஓட்டுகிறவரால்தான் அவருக்கும் ரோட்டில் போகிற எல்லோருக்கும் ஆபத்து. "பிரஷர் இருந்தாலும் வேலை போகாது, மாத்திரை போடு" என்று உங்கள் வாயால் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். எத்தனை பேர் அட்டையை வெளியே எடுப்பார்கள் என்று தெரியும்.

அரசு ஒன்றும் செய்யாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். அம்மாவுக்குப் பார்த்தார்கள். அப்பா அன்றைக்கு நாக்பூர் ரோட்டில் இருந்தார். மாதத்தில் இருபது நாள் வீட்டில் இல்லாத மனிதரை வீட்டில் தேடினால் எப்படிக் கிடைப்பார்? அவர் கட்டாயம் வந்து போகிற இடம் உங்கள் சங்க அலுவலகமும் புக்கிங் ஆபீஸும்தான். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒவ்வொரு புக்கிங் ஆபீஸிலும் ஒரு டிஜிட்டல் பிரஷர் மெஷின் வையுங்கள், மேல் கையில் கட்டுகிற வகையாக. ஒரு புது லாரி டயர் விலைக்கு ஏழெட்டு வாங்கலாம். பட்டை அளவு முக்கியம், பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் அளவு கூட்டிக் காட்டும். வண்டியிலிருந்து குதித்த சூட்டோடு பார்க்கக் கூடாது. பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் டீயும் பீடியும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் பார்க்க வேண்டும். ஒரு தடவை கூடக் காட்டினால் பயப்பட வேண்டாம், வேறு நாளில் மறுபடி பார்த்து, டாக்டரிடம் போகலாம். 180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், கை கால் மரத்துப்போவது என்று ஏதாவது இருந்தால் வண்டியை எடுக்க விடாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரையின் மூலப்பெயரையும், அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும், அளவையும் ஒரு சீட்டில் எழுதி லைசென்ஸ் உறைக்குள் வைக்கச் சொல்லுங்கள். பிராண்டு பெயர் ஊருக்கு ஊர் மாறும், மூலப்பெயர் மாறாது. வெளி மாநிலத்தில் மாத்திரை தீர்ந்துபோனால், அந்தச் சீட்டைக் காட்டி அங்கிருக்கிற மக்கள் மருந்தகத்தில் (ஜன் ஔஷதி) குறைந்த விலைக்கு வாங்கலாம். டிரிப் போகும் முன் அத்தனை நாளுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

முதுகு வலி மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஓட்டுநர்களில் பலர் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போன்றவற்றை மிட்டாய் மாதிரி விழுங்குகிறார்கள். அவை ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிரஷர் இருப்பவர் டாக்டரைக் கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது. உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். தாபாவில் ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்கினாலே பாதி வேலை முடிந்தது.

"இங்கிலீஷ் மருந்து வேண்டாம், வேர் இருக்கிறது" என்று ஒரு பெரியவர் அப்பாவிடம் சொல்லியிருந்தாராம். வேரில் மருந்து இருந்தது உண்மைதான். சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதி உலகத்துக்குக் காட்டினார். ஆனால் அந்த மருந்து சிலரைக் கடும் மனச்சோர்வில் தள்ளுகிறது என்று மருத்துவர்கள் எழுதினார்கள், அதனால் அதைவிடப் பாதுகாப்பானவை வந்ததும் பின்னுக்குப் போனது. நம் மண்ணின் வேரை மதிக்கிறேன். அளவு தெரியாத பொடியை நம்பி, தினமும் ஓட்டுகிற ஒருவர் மாத்திரையை விடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

கிளீனர் பையன்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் மணி பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். களைப்பு என்று படுக்க வைத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, சோடா கொடுக்கக் கூடாது. விழுங்குவதில் சிக்கல் இருந்தால் புரையேறிவிடும்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. எந்த சங்கம் கூப்பிட்டாலும் வந்து மெஷினில் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறேன். அப்பாவிடம் கேட்டேன், அவரும் வருகிறேன் என்றார். பேச்சு இன்னும் தெளிவாக வரவில்லை. ஆனாலும் "நான் உக்காந்துக்கறேன், பசங்க பாக்கட்டும்" என்றார்.

இப்படிக்கு,
ஒரு லாரி ஓட்டுநரின் மகள்
நாமக்கல் மாவட்டம்