மார்கழியில் நோய், மார்ச்சில் பணம்

நாட்டின் ஆராய்ச்சி நிதியை யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று முடிவு செய்கிறவர்களுக்கு,

வணக்கம். நெல்லில் வரும் குலை நோய் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன் நான். டெல்டாவில் சம்பா நாற்று ஆவணி, புரட்டாசியில் விடுவார்கள். மார்கழிப் பனி இறங்கும்போதுதான் நோய் நன்றாகத் தலைகாட்டும். இலையில் கண் மாதிரி புள்ளி, நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. அந்தச் சில வாரத்தில் விடியற்காலையில் வயலில் இறங்கி மாதிரி எடுத்தால்தான் உண்டு, விட்டால் அடுத்த வருஷம்தான். எங்கள் திட்டத்துக்குப் பணம் வந்து சேர்ந்தது மார்ச் 20 வாக்கில். வயலில் வைக்கோல்கூட இல்லை.

வந்த பணத்தை 31க்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும், மிச்சம் இருந்தால் திரும்பப் போய்விடும். பதினோரு நாளில் இறக்குமதி என்சைம் எங்கிருந்து வரும்? கடைக்காரரிடம் எது இருப்பில் இருந்ததோ அதை வாங்கினோம். எங்களுக்குத் தேவைப்பட்டது அது இல்லை.

அதற்கு முந்தைய மார்கழியில் சொந்தக் காசில் பஸ் பிடித்துப் போய் எடுத்து வந்த இலைகள் மைனஸ் 80 டிகிரி ஃபிரீசரில் இருந்தன. பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பணம் இல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம், ஒரு சனி ஞாயிறில் கம்ப்ரசர் நின்றுவிட்டது. திங்கட்கிழமை கதவைத் திறந்தால் இலை வைத்திருந்த சோதனைக் குழாயெல்லாம் வியர்த்துக் கிடக்கிறது. இலையிலிருந்த ஆர்என்ஏ, அதாவது மரபணுவின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு, அந்தச் சூட்டில் பிழைக்காது. அப்போது எனக்கு உதவித்தொகையும் ஏழு மாதமாக வரவில்லை. மெஸ் பாக்கியை அண்ணன்தான் கட்டினான்.

நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் சுமார் 0.64 சதவீதம். சீனா 2.4க்கு மேல், தென் கொரியா கிட்டத்தட்ட 5. இது அதிகமாக வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். 2023இல், ஆராய்ச்சிக்கு நிதி தரும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சட்டம் வந்தது, ஐந்து வருஷத்தில் 50,000 கோடி என்றார்கள், அதில் அரசு தருவது 14,000 கோடி, மிச்சம் பெரும்பாலும் தனியாரிடமிருந்து வர வேண்டும். வரட்டும், சந்தோஷம். ஆனால் எத்தனை கோடி அறிவித்தாலும் அது மார்ச் கடைசியில் வந்து இறங்கினால் வயலில் வேலை செய்கிற எங்களுக்குப் பாதிப் பயன்கூட இல்லை. தொகையைக் கூட்ட வருஷக்கணக்கில் ஆகும் என்றால் சரி, தேதியை மாற்ற அவ்வளவு நாள் வேண்டாமே.

நான் கேட்பது இதுதான். பயிரோடு சம்பந்தப்பட்ட ஆய்வுகளுக்கு முதல் தவணையை ஜூலைக்குள் கொடுங்கள். செலவாகாத பணத்தை அடுத்த நிதியாண்டுக்குக் கொண்டுபோக விடுங்கள். அப்புறம் உதவித்தொகையை, அலுவலகத்தில் உங்களுக்குச் சம்பளம் வருகிற மாதிரி, மாதா மாதம் போடுங்கள். 37,000 ரூபாயை நம்பித்தான் வீட்டை விட்டு வந்திருக்கிறோம்.

போன மார்கழியில் மறுபடி அதே வயலுக்குப் போனேன். "போன தடவை கொண்டுபோன இலையில என்ன தெரிஞ்சுது தம்பி?" என்று கேட்டார் அந்த விவசாயி. ஃபிரீசர் கதையை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. "இன்னும் பாத்துக்கிட்டிருக்கோம் ஐயா" என்றேன். இந்த ஆவணியிலும் அவர் நாற்று விடுவார்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவன்