பொட்டலை விட்டுப் போகாத ஆள்காட்டி

அன்புள்ள முருகேசனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அண்ணாச்சி உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். மற்ற செய்திகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். தேரிச் செம்மணல் மேட்டுக்கு மேற்கே உள்ள நம் பொட்டலில் மரம் நடுவதற்குக் குழி தோண்ட அளந்து, சுண்ணாம்புக் கோடும் போட்டுவிட்டார்கள் என்பதை உனக்கு உடனே சொல்லியாக வேண்டும்.

நீ படம் அனுப்பிக் கேட்டிருந்த பறவை அந்தப் பொட்டலுக்கே உரியது. குளத்தங்கரையைத் தாண்டி ஆள்காட்டி இருக்காது என்று நீ எத்தனை நாள் என்னோடு வாதாடினாய்! நீ சொல்வது செம்மூக்கு ஆள்காட்டி. கறுத்த கழுத்தும் மார்பும், கண்ணுக்கு முன்னால் சிவந்த தோலும் கொண்ட அது பெரும்பாலும் நீரையும் வயலையும் ஒட்டியே வாழும். உன் படத்தில் இருப்பதன் மார்பைப் பார், பழுப்பு நிறம். கறுத்த உச்சந்தலையைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறது, அலகை ஒட்டித் தொங்கும் மடலும் நீண்ட கால்களும் மஞ்சள். அது மஞ்சள் மூக்கு ஆள்காட்டி. இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர வேறெங்கும் அது கூடு கட்டுவதில்லை. நிறம் தெரியாத தொலைவில் நின்றாலும், நிற்கும் நிலத்தை வைத்தே பாதி அடையாளம் சொல்லிவிடலாம்.

கோடையில் அது வெறும் தரையைச் சற்றே பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். மண்நிறத்தில் கரும்புள்ளிகளோடு கிடக்கும் அவற்றைக் காலடியில் இருக்கும்போதுகூடச் சரளைக் கற்களிலிருந்து பிரித்தறிவது கடினம். வெயில் ஏறினால் தாய்ப்பறவை நீரில் வயிற்றிறகுகளை நனைத்து வந்து அடைகாக்கும். அதே பொட்டலில் மேயும் கல்கௌதாரியின் ஆணும் இறகுகளில் நீரை ஏந்திக் குஞ்சுகளுக்குக் கொண்டுபோகும். பனிக்காலத்தில் நடு ஆசியாவிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் இரவில் புல்லுக்கிடையே தரையில்தான் அடையும். வருவாய்க் கணக்கில் தரிசு என்று எழுதிய நிலம் இவ்வளவையும் தாங்கி நிற்கிறது, முருகேசா.

மரம் நடுவதை எதிர்ப்பவனா நீ என்று இங்கே என்னைக் கேட்கிறார்கள். சாலையோரத்திலும் பள்ளி வளாகத்திலும் நடட்டும், நானே தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனால் நான்கு பக்கமும் தொலைவு வரை கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஆள்காட்டி பகை வருவதை அறிந்து முட்டையைக் காக்கும். அங்கே மரம் எழுந்தால் பார்வை மறையும், முட்டை தின்னும் காகத்துக்கு உட்கார்ந்து நோட்டமிடக் கிளையும் கிடைக்கும். வெட்டவெளியில் வாழப் பழகிய உயிருக்கு நிழல் உதவியன்று.

மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுத வேண்டும். உன்னைப்போல் கோர்வையாக மனு எழுத நம் கூட்டத்தில் யாருமில்லை. இந்த விவரங்களை வைத்து ஒரு வரைவு எழுதி, அந்தப் படத்தை எடுத்த நாளும் இடமும் குறித்து இணைத்து, குழி தோண்டத் தொடங்குவதற்குள் அனுப்பு. கையெழுத்துகளை நானும் அண்ணாச்சியும் வாங்கிவிடுகிறோம்.

அன்புடன்,
சண்முகம்