கெடி என்று கூப்பிட்ட அம்மா

ஸ்காபரோ

அன்புள்ள மகனுக்கு,

மேடைக்காகப் பெயரைச் சுருக்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உன் பெயரிலுள்ள ழகரம் நண்பர்களின் நாவில் படும் பாட்டை நானும் கேட்டிருக்கிறேன். கோபம் இல்லை. ஆனால் சின்ன வயதிலிருந்தே நீ உயிராய்க் கேட்கும் கனடிய ராக் இசைக்குழுவான ரஷ்ஷின் பாடகர் கெடி லீக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியுமா? 2021இல் அவருடைய அம்மா மேனியா 95 வயதில் காலமானபோது வாசித்தேன். அன்றிலிருந்து அந்தப் பெண்மணி என் மனதை விட்டுப் போகவில்லை.

வீட்டில் வைத்த பெயர் கேரி. போலந்தில் பிறந்த மேனியாவின் நாவில் அது "கெடி" என்றுதான் வந்தது. கூட்டாளிகளும் அப்படியே கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது.

மேனியாவும் கணவர் மோரிஸும் பதின்ம வயதில் நாஜிகளிடம் அகப்பட்ட யூதர்கள். அவுஷ்விட்ஸ் முகாமில் மோரிஸ் காவலர்களுக்குக் கையூட்டுக் கொடுத்து மேனியாவுக்குச் சப்பாத்து அனுப்பினாராம். சப்பாத்து! அந்தச் சொல்லுக்கு மேல் அன்று எனக்கு வாசிப்பு ஓடவில்லை. பிறகு மேனியாவைப் பெர்கன்-பெல்சன் முகாமுக்கும் மோரிஸை ஜெர்மனியின் டாகாவ் முகாமுக்கும் பிரித்தார்கள். போர் முடிந்ததும் மோரிஸ் தேடிப்போய்க் கண்டுபிடித்தார். அகதி முகாமிலேயே கல்யாணம், பிறகு கனடா. நாங்கள் பட்டதை இதனோடு ஒப்பிட நான் துணிய மாட்டேன். ஆனால் அகதி முகாமில் மாலை மாற்றிய ஒரு சோடியை உனக்கும் தெரியும்.

1945இல் விடுதலை வந்தபோது மேனியாவால் நம்ப முடியவில்லை. வெளியே உலகம் என்று ஒன்று மிஞ்சியிருந்தால் இதை நடக்க விட்டிருக்குமா, எல்லோரும் அழிந்துபோயிருப்பார்கள் என்றே நினைத்திருந்தார். மகனிடம் அவர் சொன்ன அந்த நினைவுதான் 1984இல் ரஷ்ஷின் பாட்டொன்றுக்கு வித்தானது.

கெடிக்குப் பன்னிரண்டு வயதில் தகப்பன் போய்விட்டார். மேனியாதான் கடையை நடத்தினார். மகன் படிப்பை இடையில் விட்டபோது அந்தத் தாய் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 1974இல் முதல் இசைத்தட்டு வந்ததும் கடை முழுக்கச் சுவரொட்டி ஒட்டினார். காசில்லாத பிள்ளைகளுக்கு இசைத்தட்டைச் சும்மாவே கொடுத்தனுப்பினார்.

கிதார் வாசிக்கும் அலெக்ஸ் லைஃப்சனும் செர்பியக் குடியேறிகளின் பிள்ளைதான். குடும்பப் பெயரைப் பொருள் கெடாமல் ஆங்கிலமாக்கிக்கொண்டார். நீயும் சுருக்கு, மாற்று, உன் விருப்பம். யாராவது முழுப்பெயரைக் கேட்டால் மட்டும் தட்டிக்கழிக்காதே. அப்பப்பா வைத்த பெயர் என்று ழகரத்தோடு சொல்.

உங்கள் குழுவின் சுவரொட்டி இரண்டு அனுப்பு. நம் கடைக் கண்ணாடியில், கறிவேப்பிலை விலை எழுதிய மட்டையை எடுத்துவிட்டு இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா